குடோன் கொல்லையில் வெந்த காலா மீன்

தம்பி, வசந்தா இங்கே வந்திருக்கிறாள். செவ்வாய்க்கிழமை மதியம் மெட்ராஸ் பஸ்ஸில் வந்து வேப்பூரில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து, ஒற்றைப் பெட்டியோடு நேராக நம் பீங்கான் கடைக்கு வந்தாள். நான் அப்போது திட்டக்குடிக்காரர் ஒருவருக்கு ஊறுகாய் ஜாடிகளை விரலால் தட்டிச் சத்தம் காட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் மருமகள் தனியாக நிற்பதைப் பார்த்ததும் கையிலிருந்த ஜாடியைக் கீழே வைத்துவிட்டு, "என்னம்மா, தம்பி வரலியா?" என்று கேட்டேன். "அவரு வரல மாமா. நான் அத்தையப் பாக்க வந்தேன். ஒண்ணு கேக்கணும்" என்றாள். முகத்தில் அழுகை இல்லை. அதைப் பார்த்துத்தான் எனக்குக் கவலை வந்தது. அழுதுகொண்டு வருகிற பெண் தன் அம்மா வீட்டுக்குப் போவாள். இவள் நம் வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்றால் யோசித்து வந்திருக்கிறாள்.

மறுநாள் உன் ஆபீசுக்கு டிரங்கால் போட்டேன். லைன் கிடைப்பதற்குள் பாதி நாள் போயிற்று. நீ சொன்னது இவ்வளவுதான்: "கோவத்துல வந்திருக்கா. கொஞ்ச நாள் ஆறட்டும்பா." ஆறட்டும் என்பது சூளைக்காரன் பேச்சு. அதை நம்பி நான் கெடுத்த ஒன்றைப் பின்னால் சொல்கிறேன். போனில் கத்திப் பேச எனக்குத் தெம்பு இல்லை, அதனால் எழுதுகிறேன். கடையை மூடிவிட்டு வந்து, கால் வலியோடு உட்கார்ந்து எழுதுகிறேன். சந்தை சந்தையாகச் சுற்றிப் பேரம் பேசியது போதும், வீட்டிலாவது பேரம் இல்லாமல் இருக்கலாம் என்று நினைத்திருந்தேன். உன் குடும்பத்துக்கும் நான்தான் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது. சரி, பேசிவிட்டேன். என்ன பேசினேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் உனக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது.

நடந்ததை வசந்தா சொல்லித்தான் அறிந்தேன். போன வாரம் அவளுக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சாயங்கால டூட்டி. இருட்டிய பிறகுதான் வீடு வந்தாள். நீ முன்னாலேயே வந்து, நல்ல காலா மீனாகப் பார்த்து வாங்கி, அதை அடுப்பங்கரையில் வைத்துவிட்டு, பேப்பர் படித்துக்கொண்டிருந்தாய். இன்றைக்கு ரசம் போதுமே என்று அவள் கேட்டாளாம். அதற்கு நீ, "எங்கம்மா பீங்கான் கம்பெனில நாள் பூரா நின்னுட்டு வந்து எனக்குச் சுடச்சுட காலா மீன் வெச்சுக் குடுத்தாங்க. நீ ஒக்காந்து போன் பேசிட்டு வர்ற, உன்னால முடியலியா?" என்றாயாம். இது முதல் தடவை அல்ல, கல்யாணம் ஆனதிலிருந்து இதே பேச்சுதான் என்றாள். அன்றைக்கு அந்த மீன் சட்டியிலேயே கிடந்து கெட்டது. அதைக் கொண்டுபோய்க் கொட்டியதும் அவள்தான்.

நம் வீட்டில் வந்து உட்கார்ந்ததும் உன் அம்மாவிடம் அவள் இதை அப்படியே சொன்னாள். உன் அம்மாவும் முதலில் உன் பக்கம்தான் பேசினாள். "நாங்கல்லாம் வேலைக்கிப் போயிட்டு வந்து ஆக்கலியா? இதுக்குப் போயி பொட்டியத் தூக்கிக்கினு வருவாங்களா?" என்றாள். வசந்தா கோபப்படவில்லை. "அதத்தான் அத்தை கேக்க வந்தேன். எப்படி ஆக்கினீங்கன்னு சொல்லுங்க. சொல்லிக் குடுத்தா கத்துக்கறேன். என்னால ஆவாதுன்னு தெரிஞ்சா இப்பிடியே எங்கம்மா வூட்டுக்குப் போயிடறேன். அவருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி" என்றாள். பெட்டியை அவள் இன்னும் உள்ளே எடுத்து வைக்கவில்லை. வாசற்படிக்குப் பக்கத்திலேயே இருந்தது.

உன் அம்மா, "அது ஒண்ணும் கஷ்டமில்ல. மசாலா அரைச்சுத் தடவி..." என்று ஆரம்பித்தாள். "மொளகாயே இருக்காது, மொளகு வாசனைதான் வரும்னாரே அவரு?" என்றாள் வசந்தா. "ஆமா ஆமா, மொளகுதான்." "எண்ணெய்ல பொரிச்சதும் இல்லியாமே?" "இல்ல, மூடி வெச்சு வேக வெக்கிறது." "மூடி இருந்தா வெந்துடுச்சுன்னு எப்பிடி அத்தை தெரியும்?" "தெரியும்." "எப்பிடித் தெரியும்?" உன் அம்மா என்னைப் பார்த்தாள். நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தேன். "பாத்துக்கினே ஒக்காந்திருக்கீங்களே, வாயில என்னா கொழுக்கட்டையா?" என்று என்மேல் பாய்ந்தாள். கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு, "அவரக் கேளும்மா. ஆக்கினவரு அவருதான்" என்றாள்.

ஆமாம், தம்பி. நீ சாப்பிட்ட அந்தக் காலா மீனை ஆக்கியது நான்.

உனக்கு நினைவிருக்கும், அப்போது நமக்கு இந்தக் கடை கிடையாது. பீங்கான் கம்பெனிகளில் செகண்ட்ஸ் என்று ஒதுக்குகிற கோப்பை, தட்டு, ஜாடிகளை மொத்தமாக வாங்கி, வைக்கோல் சுற்றி, சைக்கிளில் கட்டிக்கொண்டு, ஒரு நாள் வேப்பூர், ஒரு நாள் திட்டக்குடி, ஸ்ரீமுஷ்ணத்தில் திருவிழா என்றால் அங்கே என்று விற்றுக்கொண்டிருந்தேன். விற்றால் உண்டு, விற்காவிட்டால் இல்லை. வீட்டுக்கு நிச்சயமாக வந்த வருமானம் உன் அம்மாவுடையதுதான். கம்பெனியில் அவளுக்குக் கோப்பைக்குக் காது ஒட்டுகிற வேலை. நாள் முழுக்க ஈரக் களிமண்ணில் விரல் ஊறிக் காய்ந்து, ஊறிக் காய்ந்து, விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கும். அந்தக் கையோடு அம்மியில் மிளகாய் அரைத்தால் எப்படி எரியும் என்று யோசித்துப் பார். ஒரு நாள் சாயங்காலம் அவள் மசாலா அரைத்து முடித்துவிட்டு, கைகளைத் தண்ணீர்ச் சட்டியில் முக்கி வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள். நான் அன்றைக்குச் சரக்கு விற்காமல் சீக்கிரம் திரும்பியிருந்தேன். பார்த்தேன். மறுநாளிலிருந்து வேலைநாள் ராத்திரிச் சாப்பாடு என்னுடையது என்று முடிவு செய்தேன். அன்பு, தியாகம் என்றெல்லாம் பெரிதாக நினைக்காதே. அவள் விரல் தேறாவிட்டால் வேலை போய்விடும், வேலை போய்விட்டால் மூன்று பேருக்கும் சோறு இல்லை. நான் வியாபாரி, அப்படித்தான் யோசித்தேன். அவள் ஏன் கரண்டியால் சாப்பிடுகிறாள் என்று நீ சின்ன வயதில் கேட்டபோது, "கம்பெனில அப்பிடித்தான் சாப்புடுவாங்க" என்று அவள் சொன்னதை நீ நம்பினாய். உப்பு பட்டால் எரியும், அதனால்தான் கரண்டி.

அம்மியும் மிளகாயும் எனக்கும் சரிப்படவில்லை. புளி கரைத்துக் குழம்பு வைத்துப் பார்த்தேன், வாயில் வைக்க முடியவில்லை. கடலூரிலிருந்து காலை ரயிலில் கூடையோடு வருகிற அஞ்சலை என்கிற மீன்காரம்மாதான் வழி காட்டினாள். "காலாவுக்கு எதுக்குய்யா கொழம்பு? இதத்தான் தொரைங்க சால்மன்னு சொல்லி, பொட்டி அடுப்புல வெச்சு, வெறும் உப்பும் மொளகும் போட்டுத் தின்னாங்க. எங்க ஆத்தா பங்களால வேல செஞ்சிச்சு, அது சொல்லும்" என்றாள். துரைகள் தின்ற மீனும் இந்த மீனும் ஒன்றா என்று எனக்குத் தெரியாது. பெட்டி அடுப்பு என்றதும் எனக்கு வேறொன்று புத்தியில் பட்டது. சூளையில் கோப்பைகளின் மேல் நெருப்பும் புகையும் நேராகப் படாமல் இருக்க, அவற்றை ஒரு கனமான மண் பெட்டிக்குள் வைத்து அடுக்குவார்கள். சாகர் என்பார்கள். கம்பெனியில் கழித்த, விளிம்பு உடைந்த சாகர்கள், வீட்டை ஒட்டி நான் சரக்குப் போட்டு வைத்திருந்த குடோன் கொல்லையில் குவியலாகக் கிடந்தன. இரண்டை எடுத்துக் கழுவினேன். செங்கல் மேல் ஒன்றை வைத்து, அடியில் கரி, உள்ளே தட்டில் மீன், மேலே இன்னொன்றைக் கவிழ்த்து அதன் முதுகிலும் கரி. அதுதான் என் பெட்டி அடுப்பு.

முதல் நாள் நடந்த கூத்தைக் கேள். நான் பார்த்த அடுப்பெல்லாம் சூளைதான். சூளையில் தீயை மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும், எடுத்தவுடன் சூடு தாக்கினால் சரக்கு வெடிக்கும். எரிந்து முடிந்தபின் அவசரப்பட்டுத் திறக்கவே கூடாது, குளிர்ந்த காற்று பட்டால் அத்தனையும் கீறிவிடும். தானாக ஆறும்வரை அப்படியே விடவேண்டும். மீனையும் அப்படியே செய்தேன். சிறு கரியில் ஆரம்பித்து, ஏற்றி, பிறகு கரியெல்லாம் சாம்பலாகி, சாகரைக் கையால் தொடுகிற அளவுக்கு ஆறும்வரை பொறுமையாக உட்கார்ந்திருந்தேன். உன் அம்மா இரண்டு தடவை வந்து, "இன்னும் ஆவலியா?" என்று கேட்டாள். "ஆறட்டும், தொறக்கக் கூடாது" என்றேன். திறந்தபோது உள்ளே இருந்தது மீன் இல்லை, பஞ்சு. வாயில் போட்டால் நார் நாராகப் பல்லில் சிக்கிக்கொண்டது. நீ அழுதுவிட்டு வெறும் சோறு தின்றாய். உன் அம்மா முழுசாகத் தின்றுவிட்டு, "நல்லாத்தான் இருக்குது, சரக்கு கீறல" என்றாள். சூடு இறங்குவதற்குள் திறந்து பார்த்து, எடுத்து, தட்டில் போட்டுவிட வேண்டிய பொருள் அது. மூடி வைத்துவிட்டுப் பொறுமை என்று சொல்லிக்கொண்டால் உள்ளே காய்ந்துகொண்டுதான் இருக்கும். போனில் நீ ஆறட்டும் என்றபோது எனக்கு அந்தப் பஞ்சுதான் பல்லில் பட்டது.

இதை ஏன் உன்னிடம் மறைத்தோம் என்று கேட்பாய். மறைக்கச் சொன்னது உன் அம்மா. "புருஷன ஆக்க வெச்சாளேன்னு என்னத்தான் பேசுவாங்க, உங்கள ஒண்ணும் பேச மாட்டாங்க. நீங்க கொல்லையிலேயே ஆக்குங்க, நான் எடுத்தாந்து போடறேன்" என்றாள். நீ அந்த நேரம் தெருவில் விளையாடிக்கொண்டிருப்பாய். எனக்கும் அது வசதியாக இருந்தது. கரண்டி பிடிக்கிற ஆள் என்று சந்தையில் தெரிந்தால் எதிரில் நிற்பவன் விலையை அடித்துப் பேசுவான். ஒரு நாள் உன் தாய்மாமன் சொல்லாமல் கொள்ளாமல் திட்டக்குடியிலிருந்து வந்து, நேராகக் கொல்லைக்கே வந்துவிட்டான். நான் விசிறியும் கையுமாகக் குந்தியிருக்கிறேன். "என்னா மாப்ள பண்றீங்க?" என்றான். "புது சாகர் தாங்குதான்னு சோதிக்கிறேன்" என்றேன். மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "பீங்கான்ல காலா மீன் வாசன அடிக்குதே?" என்றான். உன் அம்மா ஓடிவந்து, "அண்ணே, நாந்தான் மீனு வெச்சிருக்கேன், கரி வீணாப் போவுதேன்னு. நீ உள்ள வா" என்று இழுத்துக்கொண்டு போனாள். அன்றைக்கு அவன் மூன்று துண்டு தின்றுவிட்டு, "கை மணம்னா எங்க வூட்டுப் பொண்ணுங்களுக்குத்தான்" என்றான். நீ பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாய். அவன் அந்தப் பேச்சைக் கல்யாணம், காதுகுத்து என்று போகிற இடமெல்லாம் சொன்னான். சொல்லிச் சொல்லி, நீயும் நம்பினாய், கொஞ்சம் உன் அம்மாவே நம்பிவிட்டாள். வசந்தாவிடம் ‘நாங்கல்லாம் ஆக்கலியா’ என்று அவள் சொன்னது பொய் சொல்ல வேண்டும் என்று அல்ல. அவளுக்கே மறந்துபோயிருந்தது.

இப்போது வேலையைக் கேட்டுக்கொள். உன் கல்யாணத்துக்கு வசந்தாவின் அக்கா கொடுத்த வட்டமான கரண்டு ஓவன், அட்டைப்பெட்டி பிரிக்காமல் உங்கள் பரணில் கிடக்கிறதாம். அதை இறக்கு. காலா வாங்கும்போது தலைப் பக்கத்தை விட்டு நடுக்கண்டமாகக் கேள். நடுமுள்ளை எடுத்துவிட்டு, தோல் மட்டும் அடியில் இருக்கும்படி சதைத் துண்டாகப் போட்டுத் தரச் சொல். மீன்காரன் முகம் சுளிப்பான், மீன் நிறுத்துப் பேசி முடிப்பதற்கு முன்பே சொல்லிவிட்டால் செய்வான். துண்டுகள் எல்லாம் ஒரே கனத்தில் இருக்கட்டும், இல்லாவிட்டால் ஒன்று வேகும்போது இன்னொன்று காய்ந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் மஞ்சள் போட்டுக் கழுவி, சுத்தமான துணியால் ஒற்றி ஈரத்தை எடு. இதில் சோம்பல்படாதே. ஈரத்தோடு வைத்தால் மீன் அவிந்துபோகும், சுட்ட வாசனை வராது. மிளகைக் கரகரப்பாக இடித்துக்கொள், பூண்டு நாலு பல் நசுக்கிக்கொள், இரண்டையும் நல்லெண்ணெயில் குழைத்து மேலே தடவு. உப்பை மட்டும் அடுப்பில் வைக்கப்போகிற நேரத்தில் போடு. காலையிலேயே உப்புத் தடவி வைத்துவிட்டுப் போனால் வேலை மிச்சம் என்று நானும் செய்து பார்த்திருக்கிறேன். தண்ணீரெல்லாம் இறங்கி, பாதிக் கருவாடு ஆகிவிட்டது. தட்டில் எண்ணெய் தடவி, தோல் அடியில் இருக்கும்படி வை. தட்டு கீறல் இல்லாததாக இருக்கட்டும். பளபளப்பில் மயிரிழைக் கீறல் விட்ட செகண்ட்ஸ் தட்டில் ஒரு தடவை வைத்தால் கீறலுக்குள் எண்ணெய் இறங்கி, ஜென்மத்துக்கும் மீன் வாசனை போகாது. அப்படிப்பட்டதை நம் வீட்டில் நிறைய வைத்திருந்தோம், வேறு வழி இல்லாமல்.

ஓவனை முன்கூட்டியே சூடேற்றிவிடு. வெறும் ஓவன் நன்றாகக் காய்ந்தபிறகுதான் தட்டு உள்ளே போகவேண்டும். பிறகு ரேடியோவில் சாயங்காலச் செய்தி ஆரம்பித்து முடிகிற நேரம் கிட்டத்தட்டச் சரியாக இருக்கும். அதற்குள் குக்கரில் சோறு ஆகிவிடும், நீ வெங்காயத்தை வட்டமாக நறுக்கி எலுமிச்சம்பழத்தை வெட்டி வைக்கலாம். செய்தி முடிவதற்குக் கொஞ்சம் முன்பே ஒரு தடவை திற. கனமான இடத்தில் கத்தி முனையை விட்டு லேசாகத் திருப்பு. கண்ணாடி போலத் தெரிந்த சதை வெள்ளையாகி, இதழ் இதழாகப் பிரிந்தால் எடுத்துவிடு. நடுவில் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிற மாதிரித் தோன்றும்போதே எடு, தட்டின் சூட்டிலேயே அது முடிந்துவிடும். மேலே வெள்ளை வெள்ளையாகத் திரண்டு வந்துவிட்டால் தாமதித்துவிட்டாய் என்று அர்த்தம். எலுமிச்சையை வெளியே எடுத்த பிறகு பிழி. அவ்வளவுதான். அம்மி இல்லை, புளி இல்லை, அடுப்புக்கு முன்னால் நிற்பது இல்லை. பேப்பர் படித்துக்கொண்டே செய்கிற சமையல் இது. பேப்பரையும் நீ விடவேண்டாம்.

உன் அம்மா உண்மையைச் சொன்ன அன்றைக்கு ராத்திரி நானே வசந்தாவுக்குச் செய்து காட்டினேன். கொல்லையில் சாகர் இன்னும் இருக்கிறது. குந்தி உட்கார்ந்து கரியை ஊதுவதற்குள் இடுப்பு கழன்றுவிட்டது, வசந்தாதான் விசிறியை வாங்கிக்கொண்டாள். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "இவ்ளோதானா?" என்றாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். கோபம் வந்தது. "இவ்ளோதானா மாமா? இதுக்கா நான் தெனம் எக்ஸ்சேஞ்ச்ல நம்பர் போட்டுக்கினே, அத்தையால முடிஞ்சது நம்மால முடியலியேன்னு நெனச்சு நெனச்சுச் செத்தேன்?" என்று தட்டை நகர்த்தி வைத்தாள். வந்த நாளில் வராத அழுகை அப்போது வந்தது. உன் அம்மா எழுந்துபோய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். தொடவில்லை. "எனக்குந்தான் தெரியாதும்மா, அவன் இதச் சொல்லி உன்ன அடிப்பான்னு" என்றாள். பிறகு என்னிடம் தனியாக, "எல்லாத்தையும் எழுதப் போறீங்களா? இனிமே அவன் என்னை என்னான்னு நெனைப்பான்?" என்று கேட்டாள். உனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஊரில் அவளுக்கு இருந்த ஒரே பெயர் அந்தக் கை மணம்தான், அண்ணன் பரப்பி, மகன் வாயிலும் வந்த பெயர். காலையில் டீ கொடுக்கும்போது அவளே, "எழுதுங்க" என்றாள்.

இனி, பேசி முடித்தது. வசந்தா முதலில் கேட்டது வாரத்தில் பாதி நாள் சமையல் உன்னுடையது என்று. அவள் கேட்டதில் தப்பில்லை, ஆனால் உன்னை எனக்குத் தெரியும், பாதி என்றால் ஒரு மாதம்கூட ஓடாது. அதனால் இறக்கிப் பேசினேன். அவளுக்குச் சாயங்கால டூட்டி இருக்கிற நாளில் மட்டும் ராத்திரிச் சாப்பாடு உன் பொறுப்பு. மீனோ, ரசமோ, வாங்கி வந்த பரோட்டாவோ, அது உன் பாடு. அவள் வீட்டுக்குள் வரும்போது சாப்பாடு தயாராக இருக்கவேண்டும், அவள் குறை சொல்லாமல் சாப்பிடவேண்டும். குறை சொல்லக் கூடாது என்பது நான் உனக்காகக் கேட்டு வாங்கியது, லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. சாப்பாட்டு நேரத்தில் உன் அம்மாவின் பேச்சை எடுத்து அவளை ஒப்பிடக் கூடாது. இது வசந்தாவின் நிபந்தனை. கடைசியாக உன் அம்மா ஒன்று சேர்த்தாள். விருந்தாளி வந்திருக்கும் நாளில் நீ சமைத்திருந்தால், நீயேதான் எடுத்து வந்து பரிமாற வேண்டும், வந்திருப்பது உன் தாய்மாமனாகவே இருந்தாலும். இதற்கெல்லாம் சம்மதம் என்றால் ஞாயிற்றுக்கிழமை நீயே நேரில் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போ. ஆள் அனுப்பினால் அவள் வரமாட்டாள், தன் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள், நானும் தடுக்கமாட்டேன். இதில் குறைக்க இடமில்லை, தம்பி. குறைக்க வேண்டியதை நான் ஏற்கெனவே குறைத்துவிட்டேன்.